கட்டிலைக் கொடுத்துவிட்டவர்

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. இந்த வெளிநாட்டில் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குத் திரும்புகிறவர், தன் சாமான்களை எல்லோர் முன்னாலும் தன் கையாலேயே பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது. வாங்கியவரும் திருப்பித் தரக் கூடாது. முன்னொரு காலத்தில் யாரோ ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட, அவன் விட்டுப்போன இஸ்திரிப்பெட்டிக்காக இரண்டு பேர் குளிர்காலம் முழுக்க முகம் கொடுத்துப் பேசாமல் இந்த ஒரே அறையில் இருந்தார்களாம். அந்தப் பெட்டி சூடே ஆகாது என்பது பிறகுதான் தெரிந்ததாம். அதிலிருந்து இந்தச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் எத்தனை நாள் முன்னால் கொடுக்கலாம் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

லிஃப்ட் அண்ணன் டிக்கெட் கைக்கு வருவதற்கு முன்பே கொடுத்துவிட்டார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் பொருத்துகிற கம்பெனியில் பதினாறு வருஷமாக மெக்கானிக். ஒல்லி உடம்பு, சட்டைப்பையில் எப்போதும் ஒரு டார்ச், குளித்துவிட்டு வந்தாலும் லேசாக கிரீஸ் வாசனை. புது லிஃப்டில் ஆள் ஏறுவதற்கு முன்னால் மணல் மூட்டைகளை ஏற்றி மேலும் கீழும் பல தடவை ஓட்டிப் பார்ப்பார்கள். அது வேலையின் விதி. அண்ணன் அதையே வாழ்க்கைக்கும் வைத்துக்கொண்டுவிட்டார். புதுச் செருப்பு வாங்கினால் நாலு நாள் அறைக்குள்ளேயே நடப்பார். டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் நாளே பஸ் ஏறி ஆஸ்பத்திரி வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வருவார். "மூட்டை ஏறாம ஆள் ஏறக் கூடாது தம்பி" என்பார். சாமான்களை முன்கூட்டியே கொடுத்ததும் அந்தக் கணக்கில்தான். ஒன்றும் இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம்.

அன்று நான் பேக்கரியிலிருந்து கேக் கொண்டுவந்தேன். நான் அங்கே மாவு பிசைகிறவன். அதனால் எனக்கு ரொட்டி என்று பெயர். சலூனில் முடி வெட்டுகிற எங்கள் இன்னொரு ஆள் கத்திரி. எனக்கும் கத்திரிக்கும் மேலும் கீழுமாக ஓர் அடுக்குக் கட்டில். ஜன்னலோரம் சுவரை ஒட்டியிருந்த ஒற்றைக் கட்டில் அண்ணனுடையது. அதை அவர் அன்று மாலைதான் பெட்டியோடு வந்து இறங்கிய வெல்டருக்குக் கொடுத்தார். அந்த வெல்டருக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், தலை பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் புதிதாக வந்தவர் என்பதால் புதுசு என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. குளிர்கோட்டு கத்திரிக்குப் போனது. டீ குடிக்கிற பெரிய கோப்பையும் போர்வையும் எனக்கு வந்தன. கேக் வெட்டினோம், கட்டிப்பிடித்தோம், கத்திரி அழுதான், அவன் அழுவதைப் பார்த்து நானும் அழுதேன்.

மறுநாள் காலையில் சூப்பர்வைசர் போன் செய்தார். அண்ணன் கடைசியாகப் பொருத்திய லிஃப்டைச் சோதிக்க வேண்டிய அதிகாரி லீவில் போய்விட்டாராம். அவர் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் கம்பெனி டிக்கெட் எடுக்கும். எப்போது வருவார் என்று தெரியாது. அதுவரை வேலையும் கிடையாது, சும்மா இரு என்றார்.

அழுதாச்சு, கேக்கும் தின்றாச்சு, ஆள் போகவில்லை. இப்படி ஒரு நிலைமைக்கு எங்கள் சட்டத்தில் வழியே இல்லை.

"கட்டிலை எடுத்துக்கங்க அண்ணே. நான் கீழ படுத்துக்கறேன்" என்றார் புதுசு. அவர் அண்ணனைவிட மூத்தவர், ஆனாலும் எல்லோரும் அண்ணன் என்கிறோமே என்று அவரும் அண்ணன் என்றே கூப்பிட்டார்.

"கொடுத்தது கொடுத்ததுதான். நீங்க படுங்க" என்றார் அண்ணன்.

இரண்டு கட்டில்களுக்கும் நடுவே தரையில் ஒரு மெத்தையைப் போட்டுக்கொண்டார். அது யாரோ விட்டுப்போன மெத்தை, ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். புதுசுக்கோ கட்டிலில் உட்காரவே கூச்சம். அண்ணன் அறைக்குள் வந்தால் பொசுக்கென்று எழுந்து நின்றுவிடுவார். கொடுத்தவரும் படுக்கவில்லை, வாங்கியவரும் நிம்மதியாகப் படுக்கவில்லை. அந்தக் கட்டில் பாதி நாள் காலியாகவே கிடந்தது.

அதைவிடக் கொடுமை மற்றவை. காலையில் என் தலைமாட்டில் வந்து நிற்பார். "தம்பி, உன் கப்புல கொஞ்சம் டீ குடிச்சுக்கட்டுமா?" என்பார். பதினாறு வருஷம் அவர் வாய் வைத்துக் குடித்த கோப்பை அது. "அண்ணே, என்னைக் கொல்லாதீங்க. எடுத்துக் குடிங்க" என்பேன். குடித்துவிட்டுக் கழுவித் துடைத்து என் அலமாரியில் வைத்துவிட்டு, "ரொம்ப தேங்க்ஸ்" என்று வேறு சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும். வெளியே குளிர்ந்தால் கத்திரியிடம் போய், "நீ இன்னிக்கு வெளிய போறியா? போகலைன்னா அந்தக் கோட்டு..." என்று இழுப்பார். விருந்தாளியா, சொந்தக்காரரா, வழி தவறி வந்தவரா என்று எங்களுக்கே புரியாத ஒரு மனிதர் எங்கள் அறையின் நடுவில் படுத்துக்கிடந்தார். குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கத்திரிதான் யோசனை சொன்னான். "சும்மாதானே இருக்கீங்க. ஊரைச் சுத்திப் பாருங்கண்ணே. போறதுக்கு முன்னாடி ஆசை தீரப் பாத்துட்டுப் போங்க."

"நான் பாக்காத ஊரா?" என்றார் அண்ணன்.

பார்க்காத ஊர்தான். அது எங்களுக்கு அந்தக் கோபுரத்துக்குப் போன அன்று தெரிந்தது. கத்திரிக்குத் திங்கட்கிழமை விடுமுறை, எனக்கு மதியத்தோடு வேலை முடிந்துவிடும். ஊருக்கு நடுவே இருக்கும் உயரமான கோபுரத்தில் ஏறி மேலிருந்து ஊரைப் பார்ப்பதற்கு வெளியூர்க்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். நாங்களும் நின்றோம். லிஃப்டுக்குள் எல்லோரும் கண்ணாடி வழியாக வெளியே பார்க்க, அண்ணன் மட்டும் கூரையைப் பார்த்தார். பிறகு காதைச் சுவரில் வைத்தார். "கயிறு நல்லாயிருக்கு. ரோலர்தான் ஒண்ணு முனகுது" என்றார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

மேலே போய் எல்லோரும் இறங்கினார்கள். அண்ணன் இறங்கவில்லை.

"வாங்கண்ணே."

"இன்னொரு தடவை போய்ட்டு வந்துடறேன்."

கீழே போய் மேலே வந்தார். மறுபடி போய் மறுபடி வந்தார். லிஃப்டை ஓட்டுகிற பெண் எங்களை ஒரு மாதிரி பார்த்தாள். கத்திரி அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்து ஜன்னல் பக்கம் நிறுத்தினான். கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டினார்.

"அதோ பச்சைக் கண்ணாடி போட்ட கட்டடம், அதுல இருக்கறது கோபக்காரி. கதவை படார்னு சாத்துவா. அதுக்குப் பக்கத்துல இருக்கறது சோம்பேறி. அந்த ஆஸ்பத்திரி இருக்கு பாரு, ஏழாவது மாடியில நிக்கவே மாட்டேன்னு ஒரு வாரம் அடம். உள்ளயே உக்காந்து சாப்பிட்டேன்." இப்படியே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். ஒவ்வொரு கட்டடத்தின் வயிற்றுக்குள்ளும் இருட்டில் டார்ச்சோடு தொங்கியிருக்கிறார். வெளியில் அது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் பார்க்கிறார். கடைசியில், "நம்ம ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். தேடித் தேடிப் பார்த்தும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

எனக்கு அவர்மேல் பரிதாபமும் வந்தது, கோபமும் வந்தது. இத்தனை வருஷம் இந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யோசித்தேன். துணி துவைத்தார், தூங்கினார், வீட்டுக்குப் போன் பேசினார். நாங்களும் அதைத்தான் செய்தோம். அதனால் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. நான் வேலை முடிந்து வெளியே வந்தால் பேக்கரி வாசலில் கத்திரியின் கோட்டோடு நிற்பார். இன்று எங்கே போகலாம் என்பார். மாடி பஸ்ஸில் மேலே முன் சீட்டைப் பிடித்து ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனோம். பாதி புரிந்தும் புரியாமலும் ஒரு படம் பார்த்தோம், எல்லோரும் அழுத இடத்தில் அண்ணன் சிரித்தார். பூங்காவில் வாத்துகளுக்கு என் பேக்கரியின் பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டோம். பூ விற்கும் தெருவில் ஒன்றும் வாங்காமல் ஒரு மாலை முழுவதும் நடந்தோம். அறைக்குத் திரும்பியதும் பார்த்ததையெல்லாம் புதுசிடம் ஒப்பிப்பார். புதுசு கட்டிலின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்து கேட்பார்.

ஒருநாள் பஸ் நிறுத்தத்தில், "நம்ம ஊர்ல பஸ்ஸு நேரத்துக்கு வந்துரும்" என்றார்.

"எந்த நம்ம ஊருண்ணே?" என்று கேட்டான் கத்திரி.

பஸ் வந்தது, ஏறிக்கொண்டோம்.

ஆற்றில் படகுப் பயணம் போன அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. படகு கிளம்பியதும் அண்ணன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். முகம் வெளிறிவிட்டது. "மேல கீழ போனா எனக்கு ஒண்ணும் ஆகாது தம்பி. இது என்ன, பக்கவாட்டுல போகுது?" என்றார். கத்திரி விழுந்து விழுந்து சிரித்தான். இறங்கியதும் கரையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். அப்போது அவர் போன் அடித்தது. அண்ணியின் படம் வந்தது. அவர் எடுத்துப் பேசினார். வழக்கம்போல அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் கடகடவென்று ஓடும் சத்தம் எங்களுக்கே கேட்டது. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், பொண்ணு ஹாஸ்டல்ல இருந்து பேசினாளா, பேசினா. பிறகு அண்ணி ஏதோ சொல்ல ஆரம்பித்து, "ஒண்ணுமில்லை, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

அண்ணன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நாளா இப்படித்தான். என்னமோ சொல்ல வர்றா. சொல்லாம வச்சுடறா" என்றார். "நான் வரவேணாம்னு சொல்ல நினைக்கறாளோ என்னமோ."

"சேச்சே, அண்ணி போய் அப்படிச் சொல்வாங்களா?" என்றேன்.

"அவ மேல தப்பு இல்லை தம்பி. அங்க எனக்கு இடம் எங்க இருக்கு?"

சொன்னார். அண்ணி ஒரு மெஷினோடு ஆரம்பித்த தையல் வேலை இப்போது மூன்று மெஷினாகிவிட்டது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறார், வேலைக்கு இரண்டு பெண்கள் வருகிறார்கள். முன்னறை முழுக்க மெஷின்கள், நடையில் துணி வெட்டும் மேஜை, உள்ளறையில் கூரை வரை துணிக் கட்டுகள். போனில் வீட்டைக் காட்டும்போதெல்லாம் அண்ணன் பின்னால் இருப்பதைத்தான் பார்ப்பாராம். எங்கே ஒரு ஆள் படுக்கலாம் என்று அளந்து பார்ப்பாராம். விடுமுறைக்குப் போகிற சமயங்களில் வீடு நிறைய உறவுக்காரர்கள் இருப்பார்கள். மெஷின்களை ஓரம் தள்ளி, முன்னறையில் வரிசையாகப் பாய் விரித்து எல்லோரும் படுத்துக்கொள்வார்கள், அதில் அவரும் ஒருவர். கணக்குப் பார்த்தால் அவர் அங்கே எப்போதும் விருந்தாளிதான்.

"இங்க கட்டிலைக் கொடுத்துட்டேன். அங்க கட்டிலே இல்லை. நான் போனா அவ எதையாவது நகர்த்தணும். எதை நகர்த்தினாலும் அவ பொழப்பு" என்றார்.

கத்திரியின் சிரிப்பு நின்றுபோனது. "இதை அண்ணிகிட்ட நேராக் கேட்டா என்ன?" என்றான்.

"கேட்டு, அவ ஆமான்னு சொல்லிட்டா?" என்றார் அண்ணன்.

ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்த வாரத்திலேயே அதிகாரி லீவு முடிந்து வந்து லிஃப்டைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் போன் செய்து வாழ்த்துச் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். அண்ணனுக்குப் பதிலாக எடுத்த ஆளுக்கு உயரம் என்றால் தலைசுற்றுகிறதாம். லிஃப்ட் கம்பெனியில் அப்படி ஒரு ஆளை யார் எடுத்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அண்ணன் விரும்பினால் இன்னும் இரண்டு வருஷம் இருக்கலாம். வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், வேண்டாமென்றால் டிக்கெட் தயார்.

எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷம் தாங்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. "இருந்துடுங்கண்ணே. இங்கதான் உங்களுக்கு ஊரு இப்பத்தான் பிடிக்க ஆரம்பிச்சிருக்கு" என்றேன்.

"வாயை மூடுடா" என்று என்மேல் பாய்ந்தான் கத்திரி. "குடும்பம்னு ஒண்ணு இருக்குல்ல? போங்கண்ணே நீங்க."

"அங்க படுக்க இடம் இல்லைன்னு அவரே சொல்றாரு."

"இங்க மட்டும் இருக்கா? நடு ரூம்ல கெடக்கறாரு."

புதுசு எழுந்து நின்று, "கட்டிலை வேணும்னா..." என்று ஆரம்பித்தார். "நீங்க உக்காருங்க" என்று நாங்கள் மூவரும் ஒரே குரலில் சொன்னோம்.

இரவெல்லாம் யோசித்து எனக்கு அண்ணியை நினைத்துப் பாவமாகிவிட்டது. காலையில், "போயிடுங்கண்ணே, அதுதான் சரி" என்றேன். கத்திரியும் யோசித்திருக்கிறான். "அவசரப்படாதீங்கண்ணே, ரெண்டு வருஷம் ஓடிப்போயிடும், இருங்க" என்றான். நேற்று நான் சொன்னதை இன்று அவன் சொல்கிறான், அவன் சொன்னதை நான் சொல்கிறேன். அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என் கோப்பையில் டீயை ஊற்றி, குடிக்க மறந்து, ஆறிய டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். கழுவி வைக்கவும் இல்லை. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

வியாழக்கிழமை மதியம் கத்திரி அவரைச் சலூனுக்கு வரச் சொன்னான். போவதோ இருப்பதோ, எந்தப் பதிலாக இருந்தாலும் முகத்தை மழித்துக்கொண்டு சொல்லுங்கள் என்றான். அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது. நானும் மாவு ஒட்டிய சட்டையோடு போய்ச் சேர்ந்தேன். அண்ணனை நாற்காலியில் சாய்த்து, கழுத்தோடு வெள்ளைத் துணியைக் கட்டி, கன்னம் முழுக்க நுரை பூசினான் கத்திரி. ஒரு பக்கம் மழித்து முடித்திருப்பான். கண்ணாடிக்கு முன்னால் வைத்திருந்த போன் அடித்தது.

அண்ணியின் படம்.

அண்ணனின் கைகள் இரண்டும் துணிக்கு அடியில் இருந்தன. "அப்புறம் பேசிக்கறேன், விடு" என்றார். என்ன தைரியம் வந்ததோ, நான் எடுத்து ஸ்பீக்கரைப் போட்டு அவர் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டேன். வீடியோ கால் இல்லை, குரல் மட்டும்தான். பின்னால் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"என்னங்க, பேசலாமா?"

"சொல்லு."

"பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். கத்திரி கத்தியை அந்தரத்தில் நிறுத்தியிருந்தான்.

"யாரும் இல்லை" என்றார்.

"ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எப்படிக் கேக்கறதுன்னு தெரியலை. நீங்க தப்பா நினைச்சுக்கக் கூடாது."

அண்ணன் கண்களை மூடிக்கொண்டார்.

"உள் ரூமைக் காலி பண்ணிட்டேன். துணியெல்லாம் பின்பக்கம் கொட்டகை போட்டு மாத்தியாச்சு. பெரிய கட்டில் ஒண்ணு சொல்லியிருக்கேன். அந்த ஆள் வந்து, எந்தச் சுவத்தோட ஒட்டிப் போடறதுன்னு கேக்கறாரு. ஒட்டிப் போட்டா ஒரு மெஷினையும் அங்க வச்சுக்கலாம். ஆனா அப்படிப் போட்டா ஒருத்தர் சுவத்துப் பக்கம் படுக்கணும், ஒருத்தர் வெளிப் பக்கம் படுக்கணும்." அண்ணி நிறுத்தினார். "நீங்க எந்தப் பக்கம் படுப்பீங்க?"

அண்ணன் கண்களைத் திறந்து கண்ணாடியில் தன்னையே பார்த்தார்.

"யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேங்க. பொண்ணு நடுவுல படுத்திருப்பா, அது ஞாபகம் இருக்கு. என் மேல காலைத் தூக்கிப் போடுவா, அதுவும் ஞாபகம் இருக்கு. நீங்க எந்தப் பக்கம்னு மட்டும் வரவே மாட்டேங்குது. அவகிட்டக் கேட்டேன், அவளுக்கும் தெரியலை. புருஷன் எந்தப் பக்கம் படுப்பாருன்னுகூடவா ஒரு பொம்பளைக்கு மறந்துபோகும்? அதான் கேக்க வெக்கமா இருந்துச்சு."

அந்தப் பக்கம் மெஷின்களின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. வேலை செய்கிற பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.

"எனக்கும் தெரியலையே" என்றார் அண்ணன்.

"என்னது?"

"எனக்கும் தெரியலைம்மா. இங்க ஒத்தைக் கட்டிலு. ஒரு பக்கம் சுவரு, இன்னொரு பக்கம் ஒண்ணுமே இல்லை."

பிறகு அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். கத்திரி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அண்ணனுக்கு வைத்திருந்த துண்டை எடுத்துத் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அப்ப கட்டில்காரர்கிட்ட என்னன்னு சொல்ல?" என்று கேட்டார் அண்ணி.

"சுவத்தோட ஒட்ட வேணாம். நடுவுல போடச் சொல்லு. ரெண்டு பக்கமும் இடம் இருக்கட்டும்."

"மெஷினு?"

"அதை நான் வந்து வைக்கறேன்."

பாதி முகத்தில் நுரை காய்ந்துவிட்டது. கத்திரி மறுபடி தண்ணீர் தொட்டுப் பூச வேண்டியிருந்தது. காதுக்குக் கீழே லேசாக வெட்டியும்விட்டான். அண்ணன் அதைக் கவனிக்கவே இல்லை. கத்திரியும் சலூனில் சொல்லிவிட்டு எங்களோடு கிளம்பினான். அறைக்குத் திரும்பும் வழி நெடுக அண்ணனுக்கு ஒரே யோசனை. அறைக்குள் நுழைந்ததும், அன்று லீவில் இருந்த புதுசிடம் கேட்டார்.

"நான் தூங்கும்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கறேன்? பாத்திருக்கீங்களா?"

"வலது பக்கம் அண்ணே" என்றார் புதுசு, பரீட்சையில் பதில் சொல்கிற மாதிரி எழுந்து நின்று.

"இல்லவே இல்லை, இடது பக்கம். நான் மேல இருந்து தினம் பாக்கறேன்" என்றேன்.

"ரெண்டு பேரும் தூக்கத்துல பாத்தீங்களா? மல்லாந்துதான் படுப்பாரு. வாயைத் திறந்துகிட்டு" என்றான் கத்திரி.

அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அந்த முகத்தை எனக்குத் தெரியும், வேலைக்குக் கிளம்பும்போது இருக்கிற முகம். தரையில் கிடந்த தன் மெத்தையை இழுத்து ஓரமாகப் போட்டார். புதுசிடம், "உங்க மெத்தையைக் கொஞ்சம் கடன் குடுங்க" என்றார். பிற்பகல் வெயில் ஜன்னல் வழியாக விழுந்திருந்த தரையில் இரண்டு மெத்தைகளையும் சேர்த்துப் போட்டுப் பெரிய கட்டிலாக்கினார். இடது பக்கம் படுத்துப் பார்த்தார். எழுந்து சுற்றி வந்து வலது பக்கம் படுத்துப் பார்த்தார். திருப்தியில்லை.

"காலியா இருந்தாத் தெரியாது. கத்திரி, நீ அந்தப் பக்கம் படு."

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைண்ணே, ஆளை விடுங்க" என்று வாசல் பக்கம் ஓடினான் கத்திரி.

புதுசு தன் தலையணையை எடுத்துவந்து அந்தப் பக்கம் நீளவாக்கில் வைத்தார். நான் என் போர்வையைச் சுருட்டி அதன்மேல் வைத்தேன். அண்ணன் அதற்குப் பக்கத்தில் படுத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதைப் பார்த்தபடி வெகுநேரம் அசையாமல் இருந்தார். நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்றோம்.

"எப்படிண்ணே இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒண்ணுமே தெரியலை தம்பி" என்றார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்க்கவும் மனம் வரவில்லை.

அப்போது சூப்பர்வைசரின் போன் வந்தது. அண்ணன் எழுந்திருக்காமல், படுத்த இடத்திலிருந்தே எடுத்துப் பேசினார்.

"இல்லை சார். டிக்கெட்டைப் போட்டுடுங்க. வீட்டுல ஒரு டெஸ்ட் பாக்கி இருக்கு."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். எவ்வளவு நாளாகும் என்று கேட்டிருப்பார்கள்.

"தெரியாது சார்" என்றார் அண்ணன். "இனிமேதான் ஆள் ஏறணும்."